மேல் வரி முதலில்

"யாரு பார்க்கப் போறாங்க?"

கல்யாணமோ சாவோ, பட்டம் கட்டும் விழாவோ, எதைப் படம் எடுக்க ஆள் வந்தாலும் சினபாத்தி முதலில் கேட்பது இதைத்தான். கூலிப் பேச்செல்லாம் அதற்கப்புறம். வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "எங்க ஜனந்தான் பார்க்கும். வேற யாரு, சுறாமீனா வந்து பார்க்கும்?" என்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். ஆக்லாந்தில் இருக்கும் அத்தைக்கு அனுப்புவதானால் ஒரு கணக்கு. அமெரிக்கக் கொடி பறக்கும் பக்கத்துத் தீவில் இருக்கும் சித்தப்பாவுக்கு என்றால் வேறு கணக்கு. இங்கே நொடிக்கு ஐம்பது பாதிப்படம், அங்கே அறுபது. மாற்றிப் போட்டால் வட்டு ஓட்டுகிற அந்த ஊர்ப் பெட்டி வட்டைத் துப்பிவிடும். துப்பினால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும், சித்தப்பாவின் கோபம் பணம் அனுப்புவதில் தெரியும், கடைசியில் அடி வாங்குவது இங்கே யாரோ ஒரு பெண்ணாக இருக்கும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஆப்பியா சந்தைக்குப் பின்னால், டின் மீனும் மண்ணெண்ணெயும் விற்கிற ஒன்றுவிட்ட அண்ணன் கடையின் பின்கட்டில் அவளுடைய அறை. ஒரு கணினி, வட்டில் ஏற்றும் பெட்டி, எப்போதும் கழுத்தை ஒடித்துக்கொண்டு சுற்றும் மின்விசிறி. இணையத்தில் எதை அனுப்பினாலும் பாதியில் அறுந்துபோகும் என்பதால் புளூரே வட்டுக்கு அங்கே இன்னும் மரியாதை இருந்தது. செத்தவரின் படம் போட்ட உறையில் வட்டை வைத்து, வெளிநாட்டு உறவுக்கு விமானத்தில் ஏறும்போது கையில் கொடுப்பது ஒரு முறையாகவே ஆகிவிட்டது.

அவளுக்கு இடது காது கேட்காது. ஒன்பது வயதில் அப்பா விட்ட அறை. அந்த வீட்டில் வளர்ந்ததில் அவளுக்கு ஒரு வித்தை கைவந்தது: அடி எங்கே விழப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். தோள் இறங்குவதைப் பார்ப்பாள், கால் பெருவிரல் தரையைக் கவ்வுவதைப் பார்ப்பாள், கண்ணை மூடமாட்டாள். மூடினால் அடுத்த அடி தம்பி மேல் விழும். தம்பி ஓசொவாய் அவள் பாவாடைக்குப் பின்னால் நின்றே வளர்ந்தான். பிறகு அவள் தலைக்கு மேல் வளர்ந்தான். ஒருநாள் அப்பாவின் கையைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு சாத்தினான். அப்பா அதற்குப் பிறகு யாரையும் அடிக்கவில்லை. ஓசொவாய் குத்துச்சண்டைக்குப் போனான்.

அவளைக் கட்டியவன் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போய் அங்கேயே பழுத்துவிட்டான். அவன் விட்டுப்போன ஒரே பொருள் பழைய டேப் கேமரா. அதை வைத்துக்கொண்டு அவள் முதலில் போய் நின்றது சண்டைக் கொட்டகையில்தான். கல்யாணப் படத்தைப் பெண்வீட்டார் மட்டும் வாங்குவார்கள், ரத்தம் தெரிகிற படத்தை ஊரே வாங்கும். மற்றவர்கள் எடுத்த படத்தில் குத்து விழுந்த பிறகுதான் கேமரா திரும்பும். அவளுடையது குத்துக்கு முன்பே அங்கே போய்க் காத்திருக்கும். எடுத்த படத்தை வட்டுக்கு ஏற்றபடி மாற்றக் கணினியில் அவள் சேமித்து வைத்த முதல் ரெண்டர் அமைப்புக்கு 'குத்துச்சண்டை' என்றே பெயர் வைத்திருந்தாள். பிறகு கேமரா மாறியது. பெயர் மட்டும் பட்டியலில் அப்படியே கிடந்தது.

பெனியமீனாவுக்கும் ஓசொவாய்க்கும் நடந்த சண்டையை அவளே எடுத்தாள். பெனியமீனா மலைக் கிராமத்துப் பையன். அவன் மூலையில் தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு நின்றது சொந்த அண்ணன் மலாக்கி. கொட்டகையில் ரிங்குக்கு மேலே பெரிய விளக்கு. மலாக்கியின் மூலைக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு.

ஆறாவது சுற்றில் பெனியமீனாவின் இடது கண் பழுத்த கொய்யா மாதிரி மூடிக்கிடந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் வாயிலிருந்து ரத்தக் குமிழி வந்து உடைந்தது. ஆனாலும் அவன் விலா விலாவாகக் குத்திக்கொண்டிருந்தான், ஓசொவாய் ஒவ்வொரு குத்துக்கும் மாடு மாதிரி முனகினான். கூட்டம் "கொல்லு, கொல்லு" என்று தட்டியது. எல்லாச் சண்டையிலும் தட்டுவதுதான். ஓசொவாயின் வலது தோள் இறங்கியது. சினபாத்தி கேமராவை அரைச் சாண் நகர்த்தினாள். குத்து காதுக்குக் கீழே இறங்கியது. பெனியமீனா மடங்கவில்லை, வெட்டுப்பட்ட ஈரப்பலா மரம் மாதிரி அப்படியே சாய்ந்தான். பின்மண்டை பலகையில் மோதிய சத்தம் அவளுடைய நல்ல காதில் விழுந்தது.

அவன் மறுபடி கண் திறக்கவேயில்லை.

அன்றைக்குப் பகை வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரிங்குக்குள் நடந்தது ரிங்கோடு. ஓசொவாய் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து அழுதபோது மலாக்கிதான் அவனைத் தூக்கி நிறுத்தினான். "நீ குத்தலேன்னா அவன் உன்னைக் குத்தியிருப்பான். போடா, போய்த் தூங்கு" என்றான். ஆக்லாந்திலிருந்து உறவு வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கடைசிச் சண்டையைப் பார்க்க வேண்டும் என்று பெனியமீனாவின் அம்மா சியேனி சொல்லி அனுப்பினாள்.

சினபாத்தி அழுதுகொண்டே வேலை பார்த்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த ஒருமுறை அவள் யாரையும் கேட்கவில்லை, தெரிந்ததுதானே. பட்டியலில் கண் போன முதல் இடம் 'குத்துச்சண்டை'. அதையே அழுத்தினாள். முடிந்த வட்டை எப்போதும் முன்கடை டிவியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அன்றைக்கு டிவி அங்கே இல்லை. பாதிரியாரின் மைத்துனர் ரக்பி பார்க்கக் கேட்டு, தேவாலயக் கூடத்துக்குப் போயிருந்தது. உறவு கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்த மண்ணில் கிடையாது. கணினித் திரையில் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கொடுத்து அனுப்பினாள்.

அங்கே நடந்ததை, மலைக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை மகள் பிறகு போனில் சொன்னாள். வீடு நிறைய ஜனம். குத்து விழும் இடத்தில் படம் உதறியது. யாரோ மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். மலாக்கி ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு அடியாக நகர்த்தினான். கை தாடையில் இருந்தது. பிறகு கை பின்னால் போனது. பிறகு மறுபடி தாடையில் இருந்தது. பெனியமீனாவின் இரண்டு கைகளும் ஏற்கெனவே தொங்கிவிட்டிருந்தன.

"ரெண்டாந்தரம் குத்தியிருக்கான்" என்றது ஒரு குரல். "கை தொங்கினவனை."

மலாக்கி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினானாம். சியேனி மட்டும் பாயில் உட்கார்ந்து, "நிறுத்துடா, நிறுத்துடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதிய பிறகு அந்தத் தீவில் நாய்கூடத் தெருவில் நடக்காது. அந்த நேரத்தில் வந்தார்கள். சினபாத்தியின் வீட்டில் எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தபோது முதல் கல் ஜன்னலில் விழுந்தது. அடுத்தது விளக்கில். வாசலில் நின்ற அவளுடைய வேன் குப்பென்று பற்றியது. கதவு தாழ்ப்பாளோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. பின்வாசலுக்கு ஓடிய ஓசொவாயை முடியைப் பிடித்து இழுத்து வந்து, வலது கையை வாசற்படியில் வைத்து, ஒருவன் மணிக்கட்டில் ஏறி நின்றுகொள்ள, மலாக்கி காட்டுக்கத்தியைத் திருப்பி, மழுங்கின முதுகால் இறக்கினான். எலும்பு ஒரே அடியில் உடையவில்லை. உடையும்வரை இறக்கினான். குறுக்கே பாய்ந்த சினபாத்திக்கு யாருடைய முழங்கையோ வாயில் பட்டு இரண்டு பல் உள்ளே போயிற்று.

"இது முதல் குத்துக்கு" என்றான் மலாக்கி. மூச்சு வாங்கியது. "ரெண்டாவது குத்துக்குக் கழுத்து. தம்பியை மண்ணுல வெச்சுட்டு வர்றேன். ஓடினான்னா இந்த வீட்ல எந்தக் கழுத்து கிடைக்குதோ அது."

"எந்த ரெண்டாவது குத்துடா?" என்றாள் சினபாத்தி, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

"நீ எடுத்ததுதானே. போட்டுப் பாரு."

மறுநாள் காலை டிவி கூடத்திலிருந்து திரும்பி வந்தது. அந்த வட்டின் இன்னொரு பிரதியைப் போட்டாள். குத்து வரும்வரைகூடத் தேவைப்படவில்லை. ரிங்குக்குள் ஏறும் பெனியமீனாவின் கால் படியில் முன்னும் பின்னும் நடுங்கியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கணினியில் அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

ஒவ்வொரு படமும் சீப்பு மாதிரி இரண்டு பாதியாக வருகிறது, மேல் வரிகள் ஒரு பாதி, கீழ் வரிகள் ஒரு பாதி. இரண்டுக்கும் நடுவில் கண்சிமிட்டலைவிடச் சின்ன நேரம். கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் காட்டிவிடும், டிவிதான் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். பழைய டேப் கேமரா கீழ் வரியை முதலில் எடுக்கும். புதியது மேல் வரியை முதலில் எடுக்கும். 'குத்துச்சண்டை' அமைப்போ பழைய கேமராவுக்குப் போட்டது: கீழ் வரி முதலில். புதுப் படத்தை அதில் போட்டால் பின்னால் நடந்த பாதி முன்னால் வரும், முன்னால் நடந்தது பின்னால் வரும். காலம் மூன்றடி முன்னே வைத்து ஓரடி பின்னே வைக்கும். போகிற கை திரும்பும், திரும்பின கை மறுபடி போகும். ஓசொவாய் ஒருமுறைதான் குத்தினான். இன்னொருமுறை குத்தியது அவளுடைய விரல்.

குடும்பத் தலைவர் அப்பேலு பெரியப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்: அடக்கத்தன்று விடியுமுன் போய் இஃபோங்கா இருப்பது. தப்புச் செய்தவன் குடும்பம் செத்தவன் வீட்டு வாசலில் குனிந்து உட்கார்ந்து, பரம்பரையாய் வைத்திருக்கும் பட்டுப்போல மெல்லிய பாயைத் தலையோடு போர்த்திக்கொள்வது. கூடவே விறகும் அடுப்புக் கல்லும் இலையும் கொண்டுபோக வேண்டும். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அதற்குப் பொருள். அந்த வீட்டார் பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால், பாய்க்குள் இருப்பவனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெட்டு வருகிறது என்றுகூடத் தெரியாது.

"துக்க வீட்ல போய் 'உங்க கண்ணு தப்பு, எங்க மிஷின் கோளாறு'ன்னு பாடம் எடுக்கப் போறியா?" என்றார் பெரியப்பா. "அதுக்கே நம்ம எல்லாரையும் வெட்டுவான்."

"இல்ல பெரியப்பா. ஒரு குத்து தம்பியோடது. இன்னொண்ணு என்னோடது. என்னோடதுக்கு நான் உட்கார்றேன். அவன் ரெண்டுக்கும் உட்கார வேண்டாம்."

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். "வெட்டினா முதல்ல என்னைத்தான் வெட்டணும். முறை அது. நீ எனக்குப் பின்னால உட்காரு."

பகலில் அறைக்குள் உட்கார்ந்து புது அமைப்புப் போட்டாள். மேல் வரி முதலில். நொடிக்கு ஐம்பது பாதி. நொடிக்கு எவ்வளவு விவரம் என்கிற பிட்ரேட்டை வட்டு தாங்கும் அளவுக்கு ஏற்றி, முப்பத்தைந்தில் வைத்தாள். ஒரு இழைகூட விடாமல் வர வேண்டும். முடிந்ததை டிவியில் போட்டாள். மாவுக்கட்டோடு ஓசொவாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

குத்து ஒன்றுதான். தண்ணீர் மாதிரி ஓடி வந்து விழுந்தது. அந்த அழகு பார்க்கச் சகிக்கவில்லை. உதறல் போனதும் கண்ணுக்குச் சுதந்திரம் வந்தது, கையைவிட்டு வேறு இடத்துக்கும் போயிற்று. குத்துக்குச் சற்று முன்னால் பெனியமீனா முகத்தைத் தன் மூலைப்பக்கம் திருப்புகிறான். நல்ல கண் எதையோ கேட்கிறது. அங்கே, படத்தின் ஓரத்தில், கயிற்றுக்குப் பின்னால் மலாக்கி. ஒரு கையில் வெள்ளைத் துண்டு. அதை எறிந்தால் சண்டை நிற்கும். எறியவில்லை. மற்றக் கையை முன்னே வீசி, போ, போ என்கிறான்.

ஓசொவாய் மெல்லச் சிரித்தான். கேட்க நன்றாயில்லை அந்தச் சிரிப்பு.

"பார்த்தியாக்கா. துண்டைக் கையில வெச்சுக்கிட்டு அனுப்பியிருக்கான். அதைப் பெருசாக்கிப் போடு. அவங்கம்மா பார்க்கட்டும், பெத்த பிள்ளையை யாரு கொன்னதுன்னு."

"கொன்னது நீதான்டா."

"என் கையை உடைச்சான்கா. இனிமே இதால ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது. அந்த இடத்தைப் பெருசாக்கு, போதும். அப்புறம் அவன் கத்தி என் கழுத்துக்கு வராது. அவனோட கழுத்தை அவனே பார்த்துப்பான்."

அது உண்மை. கயிற்றையும் பெரிய மரத்தையும் அந்தத் தீவில் தேடிப்போக வேண்டியதில்லை. சினபாத்தி அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தினாள். வழக்கமான கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டாள். யார் பார்க்கப் போகிறார்கள்? சியேனி பார்ப்பாள். செத்த பிள்ளை ஒரு பக்கமும் இருக்கிற பிள்ளை இன்னொரு பக்கமுமாக உட்கார்ந்து பார்ப்பாள்.

அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிட முடியாது. ஒரு துளி குறைந்தாலும் மலாக்கி பிடித்துவிடுவான், அப்புறம் ஒரு குத்துதான் என்பதும் பொய்யாகிவிடும். எனவே பிட்ரேட்டைக் குறைத்தாள். விவரம் குறைந்தால் மங்கலான மூலைதான் முதலில் சாகும் என்பது அவளுக்குத் தெரியும். இருபதில் துண்டு தெரிந்தது. பதினான்கில் தெரிந்தது. ஆறுக்கு இறக்கியதும் ஓசொவாயின் முஷ்டியே கட்டம் கட்டமாக உடைந்தது, ஒரு குத்தா இரண்டு குத்தா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஏழு. எட்டு. எட்டரையில் முஷ்டி முழுசாக நின்றது. பெரிய விளக்கின் கீழே எல்லாம் தெளிவு. கயிற்றுக்கு அப்பால் பழுப்புக் குழம்பு. அதற்குள் ஒரு ஆள் நிற்கிறான் என்பது தெரியும், கையில் என்ன என்பது தெரியாது. எட்டரையில் வைத்து வட்டில் ஏற்றினாள்.

"துரோகி" என்றான் ஓசொவாய்.

"நாளைக்குப் பாய்க்குள்ள வாயைத் திறந்தீன்னா, இருக்கிற கையை நான் உடைப்பேன்."

அடக்கத்தன்று, கிழக்கு வெளுக்கும் முன் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் பெரியப்பா, பின்னால் சினபாத்தியும் ஓசொவாயும், இன்னும் சில உறவு. பாய் மூடியது. உள்ளே ஒரே வியர்வை நாற்றம். பக்கத்தில் தம்பியின் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. ஒரு கல் வந்து பாயில் விழுந்து பெரியப்பாவின் தோளில் பட்டது. அவர் அசையவில்லை. இன்னொன்று சினபாத்தியின் விலாவில். வெட்டப்போகிறவன் தோளைப் பார்க்க முடியாதது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், பாயின் பின்னல்தான் தெரிந்தது.

காலடி வந்து நின்றது. பாயின் ஓரம் தூக்கப்பட்டு, ஒரு கை அவள் முடியைப் பற்றி வெளியே இழுத்தது.

"பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றான் மலாக்கி. மற்றக் கையில் காட்டுக்கத்தி, இன்றைக்குக் கூர்ப்பக்கம் கீழே. "எடுத்து வித்தே. இன்னும் என்ன?"

"ரெண்டாவது குத்து என்னோடது" என்றாள். பல் போன வாயில் சொல் வழுக்கியது. "நான் டிஸ்க்கைத் தப்பாப் போட்டேன். படம் முன்னும் பின்னுமா போயிருச்சு. உனக்குக் கழுத்து வேணும்னா என்னோடதை எடு. அதுக்கு முன்னால இதைப் பாரு."

"பொய்."

வீட்டுக்குள்ளிருந்து சியேனியின் குரல் வந்தது. "கூட்டிட்டு வாடா. போட்டுப் பார்ப்போம்."

பெட்டிக்குள் கிடந்த பெனியமீனாவுக்கும் டிவிக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். கத்தி அவள் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. மலாக்கி ஒவ்வொரு அடியாக நகர்த்தினான். கை கிளம்பியது. வந்தது. காதுக்குக் கீழே இறங்கியது. போனது. திரும்பவில்லை. மறுபடி ஓட்டினான். மறுபடி. "ஒண்ணுதான்" என்றாள் சியேனி. "என் பிள்ளை ஒரே அடியில போயிட்டான்."

மலாக்கி ரிமோட்டை விடவில்லை. படத்தைப் பின்னால் தள்ளி, பெனியமீனா முகம் திருப்பும் இடத்தில் நிறுத்தினான். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனான். பழுப்புக் குழம்பின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"அங்க என்னத்தடா தேடற?" என்றாள் சியேனி.

"இந்த மூலை ஏன் இப்படி இருக்கு?"

எல்லோரும் சினபாத்தியைப் பார்த்தார்கள்.

"அங்க வெளிச்சமில்ல" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். தோள் இறங்குகிறதா என்று அவள் பார்த்தாள். இறங்கியது. கத்தியோடு வெளியே நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். மலாக்கி முற்றத்தில் நின்று, கத்தி முனையால் பாயின் ஓரத்தை நெம்பித் தூக்கினான். பெரியப்பாவின் நரைத்த தலை. அதற்குப் பின்னால் ஓசொவாய், மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

கத்தி உயர்ந்தது. பாய் கத்தியோடு போய், முற்றத்துப் புல்லில் விழுந்தது.

"எந்திரி" என்றான் மலாக்கி. "வெயில் ஏறிருச்சு."

அவர்கள் கொண்டுவந்த விறகை அவனே பிளக்க ஆரம்பித்தான். அடக்கத்துக்கு வந்த ஜனத்துக்குச் சேம்பும் பன்றியும் வேக வேண்டுமே. மற்றவர்கள் பெரியப்பாவை உள்ளே அழைத்துப்போய்க் கோகோ கொடுத்தார்கள். மலாக்கி மட்டும் கட்டையை நிறுத்தி, கத்தியை இறக்கி, நிறுத்தி, இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கை கிழிந்து பிடி சிவந்துவிட்டது. கையை மாற்றக்கூட இல்லை.

சினபாத்தி அடுப்புக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் தலை நிமிராமல், அவளுடைய நல்ல காதுப்பக்கம் பேசினான்.

"என் தலைக்கு மேலதான்கா பல்பு எரிஞ்சுச்சு."

"டிஸ்க்குல இல்ல" என்றாள்.

அவன் அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினான்.